பிளக்காத கட்டை

ஆவணி 2, திங்கள்

இன்று விறகு மண்டியில் இருந்தவர்கள்: என் மகன் விஜயன். மருமகள் பிரபாவதி. மரம் பிளக்கும் வேணு. எழவுக்கு விறகு கேட்டு வந்த துர்கா, அவள் தம்பி. அப்புறம் நான். பேரோடு எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது.

துர்காவின் மாமியார் விடியற்காலை போய்விட்டாள். மத்தியானத்துக்குள் எடுக்க வேண்டும். பிளந்த விறகு பாதிதான் இருந்தது. வேணு கோடாலியைத் தூக்கினான். நாலு போடு போட்டான். தோள் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மிச்சமெல்லாம் பருத்த புளியங்கட்டை, முண்டும் முடிச்சுமாக.

விஜயன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "ம்மா, அடியில உருட்டுக் கட்டையாவே வெச்சி மேல பிளந்ததப் போட்டு அனுப்பிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

இவனா இதைச் சொன்னான்? என் வயிற்றில் பிறந்தவனா?

"எனக்குத் தெரியும்டா," என்றேன். "உங்கப்பனுக்கு இன்னா ஆச்சுன்னு மறந்துட்டியா?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. கோடாலியை எடுத்து அவனே பிளந்தான். விறகு நேரம் தாண்டித்தான் போனது. துர்கா பிளந்த விறகைத் தொட்டுப் பார்த்தாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதும்.

ஆவணி 3

விஜயன் மெஷின் என்கிறான். ஆயில் அழுத்தத்தில் ஓடுமாம். மோட்டார் ஆயிலைத் தள்ள, ஆயில் ஒரு இரும்புத் தண்டைத் தள்ள, தண்டு கட்டையைக் கொண்டுபோய் ஆப்பில் இடிக்குமாம். கட்டை இரண்டாகப் போய்விடுமாம்.

வேணு தோளில் தைலம் தடவிக்கொண்டே சொன்னான்: "வாங்குக்கா, சீக்கிரம் வாங்கு. எனக்கு ஒண்ணும் கோடாலி மேல காதல் கெடையாது."

சரி, மெஷின் வரட்டும். வாங்குவதா, செய்யச் சொல்வதா என்பதில்தான் சண்டை. விஜயன் கோயம்புத்தூரிலிருந்து ரெடிமேடாக வாங்கலாம் என்கிறான். கம்பெனி மெஷினில் இரண்டு கைப்பிடி. இரண்டையும் பிடித்தால்தான் தண்டு நகரும், கை நடுவில் மாட்டாது. பிரபாவதி இங்கேயே செய்யச் சொல்லலாம் என்கிறாள். "நம்ம புளியங்கட்ட சைஸுக்கு அவங்க மெஷின்ல எடமே இல்ல. ரிப்பேர் ஆனா கோயம்புத்தூர்லேர்ந்து எவன் வருவான்?"

"யார் செய்வாங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் சோற்றைப் பார்த்தார்கள். பிறகு பிரபாவதி சொன்னாள், "அரக்கோணம் ரோட்டுல லேத்து வெச்சிருக்காரே, தணிகைவேலு."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆவணி 4

தணிகைவேல் யாருடைய மகன்? மண்டிக்காரன் மகன். அந்த மண்டிக்காரன் பேரை நான் இந்த நோட்டில் எழுதுவதில்லை. என் வீட்டுக்காரர் பேரையும் எழுதுவதில்லை. அது வேறு, இது வேறு.

என் வீட்டுக்காரர் அந்த மண்டியில்தான் கல்யாணமான மாதத்திலிருந்தே மரம் பிளந்தார். மலைக் கோயிலுக்கு வந்து தாலி கட்டுகிறவர்களின் சாம்பாரெல்லாம் அவர் பிளந்த விறகில்தான் கொதித்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். முகூர்த்த நாள். விறகு கேட்டுப் போன விஜயனிடம் மண்டிக்காரன் சொன்னான்: "பிளந்ததெல்லாம் மண்டபத்துக்குச் சொல்லியாச்சுப்பா. உருட்டுக் கட்ட கீது, எடுத்துக்கினு போ. அதுவும் எரியும்."

எரியாது. உலகத்துக்கே தெரியும். பிளக்காத கட்டை, பட்டையோடு, மழையில் நனைந்தது. எப்படி எரியும்?

மண்டபத்துக்கு அனுப்பின விறகும் அவர் பிளந்ததுதான். அதற்கு முந்தின நாள் வரைக்கும் பிளந்தார்.

நாங்கள் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். விஜயன் இருட்டின பிறகுதான் வந்தான். என்னடா இவ்வளவு நேரம் என்று கேட்டேன், குளிக்கப் போய்விட்டான். சட்டையைத் துவைக்க எடுத்தேன். ரப்பர் நாற்றம். டயர் போட்டு எரித்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரை. நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. இன்று வரைக்கும்.

மண்டிக்காரன் அனுப்பின டிராக்டரிலிருந்து உருண்டு விழுந்த ஒரு கட்டை எங்கள் வாசலிலேயே கிடந்தது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. விஜயன் கே.ஜி.கண்டிகை ரோட்டில் சொந்த மண்டி போட்டபோது அதை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் போடச் சொன்னேன். அதன் மேல் வைத்துத்தான் மற்ற கட்டைகளைப் பிளக்கிறோம். கோடாலி வெட்டு எத்தனை விழுந்தாலும் அது மட்டும் முழுசாகவே கிடக்கிறது. என்னைப் போல.

டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தவன் தணிகைவேல். அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ஆவணி 9, திங்கள்

விஜயனோடு நகரிப் பக்கம் போனேன். அங்கே ஒரு மண்டியில் கம்பெனி மெஷின் இருக்கிறதாம், பார்த்துவிட்டு வாங்கலாம் என்றான். வண்டியில் ஒரு புளியங்கட்டையை ஏற்றச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றான். பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பார்க்க வேண்டாமா?

மண்டி முதலாளி தெலுங்கர். "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். மெஷின் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. தைல மரத்தை வைத்தார். வெண்ணெய் மாதிரி பிளந்தது. விஜயன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதையும் போடுங்க," என்று எங்கள் கட்டையைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இது ஒத்தம்மா, வேணாம். இதுல பட்டாது, அடங்காது. போன தபா இந்த மாதிரி ஒண்ணு வெச்சி, ஆயில் சீல் போயி, ஆள் வர்ற வரைக்கும் மெஷின் படுத்துக்கினு இருந்துச்சி."

கட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம். 

ஆவணி 10

மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் தேடு. கிடைப்பான்.

ஆவணி 20, வெள்ளி

ஆள் கிடைக்கவில்லை.

இன்று பிரேமா வீட்டு எழவு. பிரேமா தேங்காய்க் கடைக்காரி, போனது அவள் புருஷன். சின்ன வயது. வேணு தோளைத் தூக்க முடியாமல் இடக் கையால் ஆப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான். விஜயன் மரம் எடுக்கப் பள்ளிப்பட்டு போயிருந்தான். நான் மண்டிக்கு வந்தபோது பிரபாவதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுடி, விடு," என்றேன்.

"விட்டா யார் பிளப்பாங்க? நீங்களா?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உருட்டா அனுப்பக் கூடாது. மெஷினும் வாங்கக் கூடாது. தணிகைவேலும் வரக் கூடாது. உங்க கோவத்துக்கு நான் பிளக்கறேன் அத்த. நீங்க நெழல்ல போய் உக்காருங்க."

ஒருத்தரும் என்னை அப்படிப் பேசினதில்லை. அதையும் மறக்க மாட்டேன்.

ஆனால் வேலை முடிந்து அவள் கையைக் கழுவினபோது பார்த்தேன். கொப்புளம் உடைந்து தண்ணீர் சிவப்பாகப் போனது. அவர் கையும் முதல் மாதம் இப்படித்தான் இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். 

சாயங்காலம் விஜயனிடம் சொன்னேன். "அந்த லேத்துக்காரன வரச் சொல்லு. ரெண்டு கைப்பிடி வெச்சாத்தான் மெஷின் உள்ள வரும்னு சொல்லு."

ஆவணி 24

தணிகைவேல் வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் செருப்பை வாசலில் விட்டான். மண்டிக்குள் யார் செருப்பைக் கழற்றுவார்கள்? அவன் கழற்றினான்.

பழைய ஜேசிபி சிலிண்டர் ஒன்று இருக்கிறதாம். அடியில் போட இரும்பு உத்தரம், தடித்த தகட்டில் ஆப்பு. பெரிய கட்டையும் உட்காரும்படி நீளமாகச் செய்யலாம் என்றான். சாக்கட்டியால் தரையிலேயே வரைந்து காட்டினான். நான் விஜயனைப் பார்த்தே பேசினேன், அவனும் விஜயனைப் பார்த்தே பதில் சொன்னான்.

போகும்போது நடுவில் கிடந்த கட்டையைப் பார்த்தான். நின்றான்.

"ம்மா, இது..."

"ஆங். அதான்."

அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அன்னிக்கே எங்கப்பா கிட்ட சொன்னேன்மா," என்றான்.

"சொன்னே. வண்டியும் ஓட்டினே."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

புரட்டாசி 4, சனி

மெஷின் வந்து முதல் கட்டையிலேயே ஆப்பு கோணிக்கொண்டது. ஆயில் பீறிட்டு வேணு வேட்டியெல்லாம் நாசம். "புது வேட்டி முதலாளி கணக்குல," என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பன் செய்ததையே பிள்ளையும் செய்கிறான் என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

தணிகைவேல் ஆப்பைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

புரட்டாசி 13

கொண்டுவந்தான். தகடு இரட்டிப்புத் தடிமன். இருபுறமும் முட்டுக் கொடுத்திருக்கிறான். நகரியிலிருந்து திரும்பி வந்ததே அந்தப் புளியங்கட்டை, அதை வைக்கச் சொன்னேன். மெஷின் முனகியது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு படாரென்று ஒரு சத்தம்.

பிளந்துவிட்டது.

விஜயன் நடுக் கட்டையைக் காட்டி, "இதையும் போட்டுடலாமாம்மா? இனிமே அடியில வைக்க வேணாம் இல்ல?" என்றான். கூடாது என்றேன்.

ஐப்பசி 5

மழை. நல்ல மழை. அவர் திதி. பிளந்த விறகு கூரை வரைக்கும் அடுக்கி இருக்கிறது.

கார்த்திகை 16, செவ்வாய்

இன்று மண்டியில் இருந்தவர்கள்: விஜயன், பிரபாவதி, வேணு, நான். வாசலில் தணிகைவேல்.

மழையில் நனைந்துகொண்டே நின்றான். உள்ளே வரவில்லை. "ம்மா, அப்பா போயிட்டாரு," என்றான். அவர்கள் மண்டியை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். "வெறகு வோணும்."

இரண்டு நாளாகப் பெரிய ஆர்டர் போனதில் கூரைக்கடியில் பிளந்தது கொஞ்சம்தான் இருந்தது. ஓரமாக உருட்டுக் கட்டை குவிந்து கிடந்தது. அவன் அந்தக் குவியலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்படிக் குடுத்தாலும் எடுத்துக்கினு போறேன்," என்றான்.

 விஜயன் தரையைப் பார்த்தான். பிரபாவதி மட்டும் என்னையே பார்த்தாள். நினைக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஏழு வருடமாக இந்த நாளை நினைத்திருக்கிறேன். என்ன சொல்வேன் என்றுகூட வைத்திருந்தேன். அதுவும் எரியும், எடுத்துக்கினு போ. அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் முகம் வந்தது. வேறொன்றும் இல்லை. பிளந்த விறகை அடுக்கும்போது வெள்ளைப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பார்.

"மெஷினப் போடு," என்றேன்.

எல்லாவற்றையும் பிளந்தார்கள். கடைசியில் வேணுவிடம் நடுக் கட்டையைக் காட்டினேன்.

"அக்கா, அதுவா?"

"அதான். அது அவங்களுது."

உருட்டிக்கொண்டு போய் வைத்தார்கள். விஜயன் இரண்டு கைப்பிடியையும் பிடித்தான். மெஷின் ரொம்ப நேரம் முனகியது. கட்டை அசையவில்லை. வேணு போதும் என்று கையைக் காட்டினான். விஜயன் விடவில்லை. அப்புறம் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மெல்லத் திறந்துகொண்டது. மேலே அத்தனை கோடாலி வெட்டு. உள்ளே செக்கச்செவேலென்று, துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

அதை மேலாக வைக்கச் சொன்னேன். நனையாமல் தார்பாய் போடச் சொன்னேன். எழவு விறகுக்கு எங்கள் மண்டியில் விலை பேசுவதில்லை, இன்றும் பேசவில்லை.

தணிகைவேல் என் காலைத் தொடக் குனிந்தான். நகர்ந்துகொண்டேன்.

கார்த்திகை 17

விஜயனும் சுடுகாட்டுக்குப் போயிருந்தான். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தான். கேட்காமலே சொன்னான்: "நல்லா எரிஞ்சிதும்மா."

இன்று அவன் சட்டையைத் துவைத்தேன். முகர்ந்து பார்த்தேன். விறகுப் புகை மட்டும்தான்.

"மனசு ஆறிச்சா அத்த?" என்று பிரபாவதி கேட்டாள். போய் உலை வை என்றேன்.

மண்டி நடுவில் கட்டை கிடந்த இடம் வட்டமாக வெளுத்துத் தெரிகிறது. மழை பெய்து நாளைக்கு அதுவும் தெரியாது. விறகு கொடுத்தது எங்கள் மண்டி வழக்கம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தாலும் பிளந்துதான் கொடுத்திருப்பார். அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் பேச வேண்டாம். நான் மன்னிக்கவில்லை. இதுவரை எழுதாத அந்த மண்டிக்காரன் பேரை இன்று ஒரு தடவை எழுதுகிறேன்.

ராஜவேலு.