நனையாத பை

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கும் என்று பள்ளி நூலகத்து வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். விரலே அந்தக் கடலை மூடிவிட்டது. சலவை அறையில் ஆவி அதிகம், கை வெந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். தூங்கும் முன் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் மறந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. இந்தக் கடிதம் முழுக்க ஒரு பையைப் பற்றியது. சிரிக்காதீர்கள்.

போன வாரம் அப்பா மலையடிவாரத்துச் சிகிச்சை நிலையங்களில் இரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பழைய பையின் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் சில உரிந்துவிட்டன. எது யாருடைய இரத்தம் என்று பரிசோதனைக்கூடத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. அதில் ஒன்று ஒரு கைக்குழந்தையுடையதாம். மறுநாள் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஊசி குத்தினார்கள். "அந்தப் பிஞ்சுக் கையில நரம்பே கிடைக்கலம்மா, மாத்தி மாத்திக் குத்தினாங்க" என்று அப்பா சொன்னார். தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அதனால்தான் பை வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நூலகத்துக் கணினியில் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிதாக ஒன்றை எடுத்துப் போட்டு, "இது வாட்டர்புரூஃப் பாப்பா, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு அதன் உள்பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தையல் ஓட்டைகள் வழியே வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. வெளிச்சம் வருகிற இடத்தில் தண்ணீரும் வரும் என்றேன். அடுத்ததற்கு மேலே மாட்டுகிற மழையுறை ஒன்று தந்தார். வேகமாகப் போகும்போது காற்றில் அது உப்பிக்கொள்ளும், முதுகுப் பக்கம் மூடவும் மூடாது என்றேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீ பை வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்று கேட்டார். அப்பா விடவில்லை. "மாப்பிள்ளையா இருந்தா இந்நேரம் ஓடியிருப்பான், பையாச்சே, பாவம், ஓட முடியல" என்றார். கடையே சிரித்தது.

கடைசியில் கிடைத்ததில் தையலே கிடையாது. லாரியின் மேல் போர்த்துகிற தார்ப்பாய் போலத் தடித்த துணி, ஓரங்களைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஜிப்பும் இல்லை. வாயை இறுக்கிச் சுருட்டி இரண்டு பக்கமும் கொக்கி மாட்ட வேண்டும். முதுகில் ஆடாமல் இருக்க நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. மாதிரிகளை வைக்கும் ஐஸ் பெட்டியும் கச்சிதமாக உள்ளே உட்காருகிறது. கடை வாசலிலேயே அப்பாவைப் பையோடு வண்டியில் உட்கார வைத்துத் தலையைத் திருப்பச் சொன்னேன். ஹெல்மெட் பையில் இடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளே செய்தித்தாளைத் திணித்து, குளியலறையில் வைத்து வாளி வாளியாக ஊற்றினேன். தாள் மொறுமொறுவென்று வெளியே வந்தது. அப்பா அதை வாசித்தே காட்டினார்.

சாயங்காலம் அப்பாவோடு வண்டி ஓட்டும் ரேடியோ மாமா வந்தார். ஓயாமல் பேசுவாரே, அவர்தான். பையை மடியில் வைத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "நல்ல பைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பொறாமை என்று நினைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்.

*

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பை வாங்கிய கதையை உங்கள் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். முதலில் பெருமையாக இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை.

தேர்வுகளை நன்றாக எழுதியிருக்கிறேன். கீழ்வீட்டுத் தையல் அத்தை என் சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தந்தார். வெயிலையே காணோம். துவைத்த துணிகளில் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது.

அப்பாவின் வேலையிடத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. மழை பலமாக வந்தால் ஓட்டுகிறவர்கள் எங்காவது கூரைக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டு, மேற்பார்வையாளருக்குப் போன் செய்து "பை நனையுது சார், நிக்கிறேன்" என்பார்கள். அவரும் "சரி, நில்லு" என்பார். வழி தெரியவில்லை, வண்டி வழுக்குகிறது, பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால், "பயமா இருந்தா வேற வேல பாத்துக்கோ" என்று பதில் வருமாம். பை நனைகிறது என்றால் மட்டும் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மாதிரி கெட்டுவிடக் கூடாதே.

இதை ரேடியோ மாமாதான் சொன்னார். "பாப்பா, நீ பை வாங்கல. எங்க எல்லாருக்கும் இருந்த ஒரே குடைய மடக்கி வச்சிட்ட" என்றார். அப்பா, "சின்னப் புள்ளகிட்ட என்ன பேச்சு இது" என்று அதட்டினார். "சின்னப் புள்ளயா? உன் மூளையையும் என் மூளையையும் சேத்து அரைச்சாலும் இது மூளையில பாதி தேறாது. அதான்யா எனக்குப் பயமா இருக்கு" என்றார் மாமா. வழக்கமாக அவர் இப்படிச் சொன்னால் நாங்கள் சிரிப்போம்.

மேற்பார்வையாளர் அப்பாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம். "இனிமே மழை உனக்கு ஒரு சாக்கே இல்லப்பா" என்று முதுகில் தட்டினாராம். எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து அனுப்பியிருந்தார். மறுநாளே அப்பாவை ஆற்றுப் பாதைக்கு மாற்றிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிகிச்சை நிலையத்துக்கு மழைக்காலத்தில் போக யாருமே ஒப்புக்கொள்வதில்லையாம்.

முன்பு அந்தப் பாதையில் போனவர் எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். வேலையை விட்டுவிட்டார் என்றார். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது வண்டிகள் நிற்கும் கொட்டகையைப் பார்த்தேன். மூலையில் ஒரு வண்டியை மூடி வைத்திருந்தார்கள். காற்றில் மூடி விலகியபோது முன்விளக்கு தெரிந்தது. அதன் கண்ணாடிக்கு உள்ளே சேறு, பாதி உயரத்துக்கு. வேலையை விட்டவர் ஏன் வண்டியை விட்டுவிட்டுப் போனார் என்று ரேடியோ மாமாவிடம் கேட்டேன். "வெளயாடப் போ பாப்பா" என்றார். நான் விளையாடப் போகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் அடம்பிடித்து அப்பாவோடு ஆறு வரை போனேன். அது தரையோடு தரையாகக் கிடக்கிற பாலம், கைப்பிடி கிடையாது. ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாலத்துக்குக் கீழே அமைதியாகத்தான் ஓடியது. கரையில் நின்ற மரத்தில், என் தலைக்கு மேலே எட்டாத கிளையில், காய்ந்த புல்லும் ஒரு கிழிந்த சாக்கும் சிக்கியிருந்தன. யார் அவ்வளவு உயரத்தில் ஏறிப் போட்டார்கள் என்று கேட்டேன். அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டே, "யாரும் ஏறல. ஆறுதான் கொண்டுவந்து வச்சது" என்றார்.

போனில் பேசும்போது இதையெல்லாம் கேட்காதீர்கள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

உங்கள் அன்பு மகள்.

*

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதம் உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் கடிதம் ஏறும் என்றீர்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் இதையும் எழுதுகிறேன். நேற்றுப் போனில் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொன்னேன் அல்லவா? அதை நம்பாதீர்கள்.

மழை விடவே இல்லை. அப்பா தினமும் ஆற்றைத் தாண்டுகிறார். முந்தாநாள் பாண்ட் முழங்கால்வரை சேறாகி வந்தார். கேட்டால், "தண்ணி கணுக்காலுக்குத்தான்" என்றார். நேற்று இடுப்புவரை நனைந்திருந்தார். நேற்றும் கணுக்கால்தான் என்றார். வெள்ளைக் கற்கள் தெரிகின்றனவா என்று கேட்டேன். "அதெல்லாம் மனசுல இருக்கு" என்றார். பையைப் பிரித்தார். உள்ளே ஐஸ் பெட்டியின் மேல் ஒரு துளி ஈரம் இல்லை. "பாத்தியா என் மக வாங்கின பைய!" என்று தையல் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தை பையைப் பார்க்கவில்லை, அப்பாவின் கால்களையே பார்த்தார்.

தண்ணீரைத் தாண்டும்போது மற்றவர்கள் நெஞ்சுப் பட்டையை மாட்ட மாட்டார்களாம். "தண்ணி இழுத்தா கழட்டி விட்டுட்டு ஆளு நீந்தணும்ல" என்று ரேடியோ மாமா சொன்னார். அப்பா இரண்டு பட்டையையும் இறுக்கி மாட்டுகிறார். பை போய்விடக் கூடாதாம். அந்தக் கைக்குழந்தையின் இரத்தம் இப்போதும் வாரம் தவறாமல் இந்தப் பையில்தான் வருகிறது, அம்மா. அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழந்தை; முன்பு மலையடிவாரத்துக்குத் தூக்கி வருவார்களாம், இப்போது ஆற்றைத் தாண்டி வர முடியவில்லையாம்.

நான் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மற்ற மாமாக்கள் சொல்வது போல நீங்களும் பை நனைகிறது என்று சொல்லிவிட்டு நில்லுங்களேன் என்றேன். அப்பா சிரித்தார். "நீ வாளி வாளியா ஊத்திப் பாத்த பைம்மா அது. ஆபீஸ் முழுக்க நானே தம்பட்டம் அடிச்சிருக்கேன். இப்பப் போயி ஒழுகுதுன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். அப்படியானால் தண்ணீர் ஏறிவிட்டது, வர முடியாது என்று உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "உண்மையச் சொன்னா வேல போயிரும்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

இன்று காலை அப்பா முகம் கழுவப் போனபோது காம்பஸ் முள்ளை எடுத்துக்கொண்டு பையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடியில் ஒரே ஒரு குத்து. யாருக்கும் தெரியாது. நனைந்தால் அப்பா நிற்பார். முள்ளைத் துணியில் வைத்து அழுத்தினேன். அந்தக் குழந்தையின் கை நினைவுக்கு வந்தது, அழுத்த முடியவில்லை. துணியில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது. அப்பா வந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். ஆற்றோரத்துப் பிள்ளைகள் வரவேயில்லை. நான் தையல் அத்தை வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா வழக்கமாக வந்துவிடும் நேரம் தாண்டிவிட்டது. போன் போகவில்லை. மழையில் அடிக்கடி அப்படித்தான் ஆகும் என்று தையல் அத்தை சொல்கிறார். சொல்லிவிட்டுத் தைக்காமல் தையல் இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ரேடியோ மாமா இப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்தாமலேயே, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆற்றுப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அம்மா, நான் சொன்னால் அப்பா சிரிக்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவர் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். மழை வந்தால் பை நனைகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அப்படிப் பொய் சொல்வதில் தப்பே இல்லை என்று எழுதுங்கள். நான் பொய் சொன்னபோதெல்லாம் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தவர் நீங்கள், நீங்களே எழுதினால்தான் அவர் நம்புவார். என் மேல் சத்தியம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பி உடைந்துவிட்டது.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் எனக்கு ஆசீர்வாதம் என்று எழுதி அனுப்புகிறீர்கள். இந்த முறை எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மா. என் பங்கையும் சேர்த்து அப்பாவுக்கே அனுப்பிவிடுங்கள். கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே, இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகள்.