பத்தால் வகுக்கப்பட்ட வயிறு

நாள் 211, 09:10
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, நீ நம்பப் போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்கிறேன். நான் அம்பலவாணன். வியாழனின் பனி நிலவான யூரோப்பாவில் ஒற்றை ஆள் நிலையத்தின் சக்கரவர்த்தி, சேனாதிபதி, சமையல்காரன். போன வாரம் பனிக்கடியில் வந்த திமிங்கிலத்தைக் கரண்டியால் அடித்து விரட்டினேன். வெப்பம், காற்று, மின்சாரம் சீர். தொப்புளைச் சுற்றி லேசான வலி.

நாள் 211, 14:30
மருத்துவ இயந்திரம் வைத்தி என் திருவயிற்றைப் பரிசோதித்தது. முதலில் பார்த்தது. பிறகு சில்லென்ற வட்டை வைத்துக் கேட்டது. தட்டியது. கடைசியாகத்தான் அமுக்கியது. அமுக்கிவிட்டுக் கேட்டால் குடல் பொய் சொல்லுமாம். என்னைப் போல!
வலி பத்துக்கு எத்தனை என்றது. ஒன்பது என்றேன்.
திரையில்: "வலி 0.9. சாதாரணம்." ஐந்தைத் தாண்டினால்தான் அது கத்தியை எடுக்கும்.

நாள் 211, 16:05
வலியைச் சொல்லி அனுப்பியதற்குப் பூமியிலிருந்து பதில். நிலையத்தின் மருத்துவர் டாக்டர் பூங்கோதை, என் தங்கை மகள்: "மாமா, போன மாசம் நெஞ்சுக்குள்ள ரயில் ஓடுதுன்னீங்க. ஏப்பம்! ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."
குடித்தேன். ஓமம் தோற்றது.

நாள் 212, 08:40
வலி வலப்பக்கம் கீழே இறங்கிவிட்டது. காய்ச்சல் 38.6 டிகிரி. வயிற்றை நானே சோதித்தேன். விரல்களை மெதுவாக அமுக்கினேன், தாங்க முடிந்தது. சட்டென்று கையை எடுத்தேன். கத்திவிட்டேன்.
குடல்வால் அழற்சி. மருத்துவக் கையேட்டில் அப்படியே இருக்கிறது.
வைத்தியிடம் தொண்ணூறு என்றேன். "பத்துக்கு மேல் எண் இல்லை." பத்து என்றேன். "வலி 1.0. வயிறு இறுக்கம்: நோயாளி வேண்டுமென்றே இறுக்குகிறார்."
வைத்தியின் அமைப்புகளைத் திறந்தேன். ஒரு வரி: நோயாளி சொல்வதைப் பத்தால் வகுக்கவும். அனுமதி: டாக்டர் பூங்கோதை.
நிலவை நான் விழுங்கிவிட்டேன் என்று சொன்னதும், வயிற்றில் காதை வைத்துத் தேடிய குழந்தை அவள்.

நாள் 212, 11:20
கெஞ்சிக் குரல் பதிவு அனுப்பினேன். ஒரு அலங்காரமும் சேர்க்கவில்லை. பதில்:
"ஆமா மாமா, நான்தான் போட்டேன். ஆறு தடவ பொய் அலாரம். உங்களால எனக்குத்தான் இங்க தலைகுனிவு. காய்ச்சலா? தெர்மாமீட்டர வெந்நீர்ப் பையில வச்சீங்களே, மறந்துட்டீங்களா? இந்தத் தடவ நடிப்பு பிரமாதம். அழுகை வேற! ஆனா ஏமாற மாட்டேன். தூங்குங்க."
வெந்நீர்ப் பை உண்மைதான். அதுக்கு இதுவா, கண்ணு?

நாள் 213, 06:15
வலி திடீரென்று நின்றுவிட்டது. வைத்தி கேட்டது, பூஜ்யம் என்றேன். பூஜ்யம் என்று காட்டியது. முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனோம்.
கையேடு சொல்கிறது: இப்படி நின்றால் மகிழாதே, குடல்வால் வெடித்திருக்கும்.

நாள் 213, 13:
வயிறு பானை மாதிரி. குளிர். வைத்தி வட்டை வைத்து ரொம்ப நேரம் கேட்டது. "குடல் சத்தம் இல்லை."
பூங்கோதை செய்தி: "மாமா, நல்லாயிட்டீங்கன்னு வைத்தி சொல்லுது. பாத்தீங்களா!"
பதில் எழுத விரல்
திமிங்கிலம் பொய். ரயில் பொய். நிலவும் பொய்தான், பாப்பா. கையை எடுத்தபோது வலித்தது மட்டும் நிஜம்