நாலரை அங்குலச் சுவர்

டீச்சர்,

இன்று காலை மேசை மேல் இருந்த தம்ளர் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. எங்கள் குடியிருப்பில் புது லிஃப்ட் ஓடத் தொடங்கியிருக்கிறது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் நினைவு வந்து, காபி குடிக்க மனமில்லாமல் எழுந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் நாம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கீழே நீங்கள் தனியாக. மாடியில் நானும் மனைவியும் கைக்குழந்தையும். மாடிக்குத் தண்ணீர் ஏற்ற, வீட்டுக்காரர் உங்கள் அறையின் வெளிச்சுவரில் இரும்புச் சட்டம் அடித்து அதன்மேல் பம்பு மோட்டாரைப் பொருத்தினார். மறுவாரமே நீங்கள் அவரிடம் முறையிட்டீர்கள். எனக்குப் பம்புத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை என்பதால் அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க இன்ஜினியராச்சே சார், பாத்து சொல்லிடுங்க. மோட்டார் ஓடுறப்ப அந்தம்மா ஒக்காரவே முடியலைன்றாங்க."

ஆபீசிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து உங்கள் அறை நடுவில் பிடித்தேன். மோட்டாரை ஓடவிட்டும் முள் கூடியதாகவே தெரியவில்லை.

"காதுல கேக்கறதில்ல தம்பி," என்றீர்கள். "கட்டில்ல உக்காந்து பேப்பர் திருத்தறேன், முதுகு வரைக்கும் வருது. சுவத்துல கைய வச்சுப் பாருங்களேன்."

வைத்தேன். ஏதோ இருந்தது. முள் காட்டாததை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. மோட்டாரைக் கழற்றினால் மனைவி மறுபடி குடம் தூக்க வேண்டும் என்பதும் மனத்தில் ஓடியது.

"மோட்டார்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். இதே மாடலை நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன். உங்களுக்குத்தான் நரம்புல ஏதாவது பலவீனம் இருக்கும், டாக்டரைப் பாருங்க."

வீட்டுக்காரரிடமும் அப்படியே சொன்னேன். இரண்டு மாதத்தில் நீங்கள் காலி செய்துகொண்டு வண்டலூரில் இன்னொரு டீச்சரோடு தங்கப் போய்விட்டீர்கள்.

மறு வருடம் அதே ரக மோட்டார் மேல் தொழிற்சாலைக்கு ஒரு புகார் வந்தது. அதைக் கனத்த கான்கிரீட் மேடையிலும் மெல்லிய இரும்புத் தகட்டிலும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டினோம். மோட்டாரின் கால் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, தள்ளிய இடம் எவ்வளவு வேகமாக அசைந்து கொடுக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே இறங்கும் பவர் தெரியும். மேடை அசைந்து கொடுக்காததால் அதற்குள் அநேகமாக ஒன்றும் போகவில்லை. தகட்டுக்குள் கொட்டியது. உங்கள் அறைக்கோ நாலரை அங்குலத்தில் மெல்லிய சுவர்; அதுவும் அந்தத் தகடு மாதிரிதான் அசைந்து கொடுத்திருக்கும். மோட்டார் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்காமலே அதற்கு நற்சான்று கொடுத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லிவிடத்தான் வண்டலூர் வந்தேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தீர்கள். வாய் திறக்குமுன் தோழியிடம் என்னைக் காட்டினீர்கள்.

"நான் சொன்ன இன்ஜினியர் இவர்தான். எல்லாரும் மழுப்பினாங்க, இவர் ஒருத்தர்தான் ஒளிக்காம சொன்னார். அப்புறந்தான் டாக்டர்கிட்டயே போனேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க வந்ததுலேர்ந்து நல்லாயிருக்கு தம்பி. மாத்திரை கேக்குது போல."

"நல்லதாப் போச்சு டீச்சர்," என்றேன். நீங்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த மாத்திரைகளை எத்தனை வருடம் விழுங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மறைவைத் தோழிதான் எழுதித் தெரிவித்தார். கடைசிவரை என்னைப் பற்றி நல்லபடியாகவே சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். அந்த வரியை இரண்டாம் முறை படிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

உங்கள் நரம்பில் ஒரு கோளாறும் இல்லை, டீச்சர். வண்டலூரில் உங்கள் காபியைக் குடித்த அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.