ஐந்தாவது வட்டம்

ஜன. 19, திங்கள்

பனி. எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. வேங்கிக்கால் தட்டச்சு வகுப்புக்கு நானும் தீபாவும் ஒரே ஸ்கூட்டியில். அவள் என் கொழுந்தனாரின் மனைவி. நான் சேர்ந்து ஆறு மாதம், அவள் மூன்று. பத்து நிமிஷப் பக்கத்தை எட்டில் முடித்துவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்க்கிறாள். எனக்கு இன்னும் நாலு வரி பாக்கி.

அவளுக்குப் பதினோரு தப்பு. எனக்கு ஒன்று. அதை யார் கேட்டார்கள்? அத்தை: "தீபாவுக்கு கை மெஷினாட்டம் ஓடுதாமே!"

ஜன. 21, புதன்

வாங்க: மிளகு, சோப்பு. ஸ்கூட்டிக்குக் காற்று.

பரீட்சைக்கு மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். இந்தத் தடவை எழுதுவது நாங்கள் இருவர்தான். நல்ல மெஷின் மூன்றாம் நம்பர் மட்டும்; மற்றதில் எழுத்து ஒட்டிக்கொள்ளும். சார்: "வெள்ளிக்கிழம டெஸ்ட். தப்பு கம்மியா முடிக்கறவங்களுக்கு மூணாம் நம்பர். சமமா வந்தா, முன்னாடி முடிச்சவங்களுக்கு."

தேறாவிட்டால் வகுப்பே வேண்டாம் என்று இவர் சொல்லியாயிற்று. வேகமாக அடித்துப் பார்த்தேன். ஒன்பது தப்பு. நிதானமாக அடித்தால் முடியவில்லை. என்ன விரல்களோ.

ஜன. 23, வெள்ளி

முடித்துவிட்டேன்! நாலு தப்பு. தீபா வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தாள். அப்படியும் எனக்கு முன்னால் முடித்தாள்.

ஒருவர் தாளை மற்றவர் திருத்துவது எங்கள் வகுப்பு வழக்கம். அவள் தாள் என்னிடம். சிவப்புப் பேனாவால் நாலு வட்டம். ஐந்தாவது தப்பைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். இல்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற சொல், கறுப்பாக, அழகாக விழுந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

சார் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க திருத்துனா சரியாத்தாம்மா இருக்கும்." மூன்றாம் நம்பர் எனக்கு. சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான்.

ஜன. 24, சனி

இட்லிக்கு ஊறப்போட்டேன். தீபா தாளோடு சமையலறைக்கு வந்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. இந்த அஞ்சாவது தப்பு மட்டும் என்னானு புரியல."

"எழுத்து மங்கலா விழுந்திருக்கு பாரு. வேகமா தட்டுனா அப்டித்தான்."

தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "ஆமாங்கக்கா. எனக்கு அவசரம் ஜாஸ்தி."

ஜன. 27, செவ்வாய்

அந்த ஒரு சொல்லை ஐம்பது தடவை அடித்துக் கொண்டுவந்தாள். "நீங்களே திருத்துங்கக்கா. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

ஐம்பதையும் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை அடித்தது போலவேதான் இருந்தன.