ஒப்பீட்டு முகாம்

2005 யூலை 5, செவ்வாய்
கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். மாங்கேணிப் பக்கம் சுனாமி முகாமில் கர்ப்பிணிகளைச் சந்திக்கும் வேலை. தாய்மார் திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். இங்கே வாராவாரம் மருத்துவமாது வந்து பிறசர் பார்ப்பார், சத்துமா கொடுப்பார். ரோட்டுக்கு அங்கால் உள்ள முகாமுக்கு ஒன்றும் கிடையாது. அது ஒப்பீட்டு முகாமாம். திட்டத்தை நடத்தும் கொழும்பு சேர் வைத்த பெயர்.

அந்த முகாமின் புஷ்பம், எட்டு மாதம், இன்று இங்கே தன் அக்கா கமலாவின் கொட்டிலுக்கு வந்திருந்தாள். கால் இரண்டும் வீக்கம். சேரிடம் போனில் கேட்டேன். பார்க்கக் கூடாதாம். அவளும் சுகமானால் பிறகு வித்தியாசத்தை எப்படிக் காட்டுவதாம். திருப்பி அனுப்பினேன்.

யூலை 7, வியாழன்
வாங்க: சவர்க்காரம், பேனை, பற்பசை.

புஷ்பம் பாயும் பானையுமாக அக்காவிடமே வந்துவிட்டாள். அது சரிவராது என்றேன். கமலா சத்தம் போடவில்லை. "அம்மாட வளவுக்கதான் ரெண்டு பேரும் இருந்த நாங்க. கடல் அள்ளினதுக்குப் பிறகு பிரிச்சு விட்டது நீங்க. இனி அக்கா இருக்கிற இடந்தான் இவளுக்கு வீடு, மிஸ்."

சேரிடம் சொன்னேன். நடுவில் வந்தவர்கள் சேர்த்தியில்லையாம். கடலும் நடுவில்தான் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

யூலை 8, வெள்ளி
மருத்துவமாது யாரையும் கேட்கவில்லை, பார்த்துவிட்டார். பிறசர் எக்கச்சக்கம். உடனே ஏற்றச் சொன்னார். திட்டத்தின் வான் வண்டியிலேயே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி. வழி முழுக்கத் தங்கச்சியின் கால் கமலாவின் மடியில். சேர் திட்டட்டும். வேலை போனால் போகட்டும். வந்தாறுமூலைக் கம்பஸில் இதற்கா படித்தேன்?

யூலை 10, ஞாயிறு
பெண் பிள்ளை. சின்னஞ்சிறிசு. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். சேர் சந்தோஷம் என்றார். அதே மூச்சில், இரண்டு முகாமின் பட்டியலிலிருந்தும் இவர்களை எடுத்துவிடச் சொன்னார். உயிர் தப்பியது கணக்குக்கு இடைஞ்சலாம். வெட்கம் கெட்ட வேலை.

வார்டில் கமலா பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். ஒப்பீட்டு முகாமில் இன்னும் மூன்று வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இருக்கிறார்களாம். அவர்களையும் நம் முகாமுக்கு வரச் சொல்லு, பார்ப்போம் என்றேன்.

"அவளுகளுக்கு ரோட்டுக்கு இங்கால அக்கா ஒருத்தரும் இல்ல, மிஸ்."