ஸ்டெர்வன் என்றால் பசி இல்லை

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தச் சிட்னி கிரவீன் வீட்டில் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

நீங்கள் போன அன்றைக்குத் தங்கச்சி அனுப்பிய செய்திதான் மனதைப் போட்டு அரிக்கிறது. நீங்கள் ஹொலண்டுக்குப் போனபிறகு அங்கேயே பிறந்தவள், தமிழ் கதைப்பாள், எழுத வராது. அங்கே வளராத எனக்கு டச்சு தெரியாது. அதனால் எங்களுக்குள் எழுத்தெல்லாம் இங்கிலீஷ்தான். "அப்பா இஸ் ஸ்டார்விங். அக்கா, கம்" என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவ்வளவு வசதியான நாட்டில் என் அப்பாவைப் பட்டினி போடுகிறாளா? முதலில் கஞ்சி காய்ச்சிக் குடு என்று பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் நீங்கள் இல்லை.

போன கிழமை, கூட வேலை செய்கிற டச்சுக்கார மனுசியிடம் அதைக் காட்டினேன். வாசித்த கையோடு, "உன் அப்பா சாகக் கிடந்தவரா?" என்று கேட்டா. டச்சில் ஸ்டெர்வன் என்றால் சாகிறதாம். தங்கச்சி அதைத்தான் இங்கிலீஷ் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். பதறிப்போய் வீட்டில் அகராதிகளைத் தேடினேன். ஜெர்மன்காரனின் ஸ்டெர்பனும் அதேதான். இங்கிலீஷ் ஸ்டார்வ் இரண்டுக்கும் கூடப்பிறந்தது. முந்தி அதுக்கும் சாவு என்றுதான் பொருள். பிறகுதான் பட்டினியாகச் சுருங்கியது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது விறைத்துப்போவது என்ற பொருளாம். இதை அன்றைக்கு எனக்கு யார் சொல்வது?

நேற்று அவளுக்குப் போன் எடுத்து, "ஏனடி அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ சொன்னனி எண்டு கஞ்சி வைக்கக் குசினிக்குப் போனனான், அக்கா. திரும்பி வர அப்பா இல்லை."

நாலு மாதம் இதைத் தனியே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ செத்தவீட்டிலும், அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று அவளைக் குடைந்துகொண்டு நின்றேன். அடுப்படியில் அவள் நின்ற அந்த நேரத்தில் நீங்கள் யாரைத் தேடினீர்கள், அப்பா? கஞ்சி வாசமாவது வந்ததா?

சனிக்கிழமை அவள் சிட்னிக்கு வாறாள். விமான நிலையத்தில் நிற்பேன். கோபம் வந்தால் இனி எழுத மாட்டேன், கூப்பிட்டுக் கேட்பேன். உங்கள் பக்கத்தில் இருந்த பிள்ளையை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பியவள் நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

அவளுக்கு அக்காவாக இருக்கப் பழகும்
உங்கள் மூத்தவள்