டிரெட்மில் சொன்ன கணக்கு

நாள் 203. காலை 7:10
நிலாத் தென்முனை ஆய்வு நிலையம். பதிவு: சுகந்தி, பாறை ஆய்வாளர்.

ஓட்டம் ஒன்றரை மணி நேரம். எரித்த கலோரி 1,140. காற்று இயந்திரம் முக்கால் திறனில் ஓடுகிறது. மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை.

பின்னால் யாராவது இதைக் கேட்டால் புரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். இங்கே நான் மட்டும்தான். காற்று இயந்திரம் இன்னும் ஐந்து வாரம் தாங்கும். அடுத்த கப்பல் வர நான்கு மாதம் ஆகும். இருப்பது ஒற்றை ஆள் மீட்புக் கலம். அதிலும் எரிபொருள் பாதி கசிந்துவிட்டது. கலத்திலிருந்து விளக்கு, மேசை, மருந்துப் பெட்டி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றியாயிற்று. இனிக் குறைக்க வேண்டியது என்னைத்தான். பூமிக் கணக்கில் எழுபத்திரண்டு கிலோ இருக்கிறேன். அறுபத்து நான்குக்கு வந்தால் கலம் கிளம்பும். வராவிட்டால் நான் இங்கேயேதான்.

எட்டுக் கிலோ. கல்யாணத்துக்கு முன்னால் ரவிக்கை பத்தவில்லை என்று குறைக்கிற கணக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் 209. பகல் 12:30

ஓட்டம் இரண்டு மணி நேரம். 1,480 கலோரி. இடது முழங்காலில் வீக்கம். பூமியில் கட்டுப்பாட்டு அறை மருத்துவர் மிக்கேல் தினமும் மதியம் பேசுகிறார். தூத்துக்குடிக்காரர். இன்று சொன்னது:

“மேடம், சூப்பரா போய்ட்டிருக்கு. நீங்க எரிக்கிறதையும் சாப்பிடுறதையும் கழிச்சுப் பாத்தா, இந்நேரம் ஒன்றரை கிலோ எறங்கியிருக்கணும். சாப்பாட்டு அலமாரி குடுக்கிறத மட்டும் சாப்பிடுங்க. பட்டினி கெடந்து மயங்கி விழுந்துறாதீங்க, என்ன?”

இறங்கியிருக்கணும். இறங்கியதா என்று பார்க்க இங்கே எடைக் கருவி இல்லை. இருந்த ஒன்றும் நான் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. கலத்தின் இருக்கை எடை காட்டும். ஆனால் அங்கே போய்வந்தால் ஒரு நாள் காற்று காலி. ஆகவே டிரெட்மில் திரையில் வரும் எண்தான் வேதவாக்கு. உணவு அலமாரியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திறக்கிறது. வழக்கமான சாப்பாடு போக, ஐந்நூறு கலோரி எரித்தால் ஒரு பொட்டலம். இன்று இரண்டு பருப்புச் சாதம் விழுந்தது. ஆசையாகத் தின்றேன்.

நாள் 216. காலை 8:00

அலுப்பு. எழுந்ததும் ஓட வேண்டும் என்று நினைத்தாலே குமட்டுகிறது. தோளிலும் இடுப்பிலும் ரப்பர் பட்டையை மாட்டி, உடம்பைக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் இந்த நிலாவில் ஒரு எட்டு வைத்தால் தலை கூரையில் முட்டும். முதல் மாதம் தோளெல்லாம் தடித்துப் போனது. இப்போது பட்டை அவ்வளவாக உறுத்துவதில்லை. எண்ணும் ஏறிக்கொண்டே போகிறது. 1,610. மூன்று பொட்டலம். அதில் ஒன்று பாயசம்!

நாள் 222. காலை 11:15

கலத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அறுபத்தேழு இருக்க வேண்டும். எழுபத்தொன்றரை. இறங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். எழுபத்தொன்றரை.

அடப் பாவிகளா.

நாள் 223. பகல் 12:40

மிக்கேல்:

“மேடம், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அந்த டிரெட்மில்லு உங்க மேல பூமி எடை முழுசா இருக்குன்னு நெனச்சுக் கணக்குப் போடுது. ரப்பர் பட்டை புதுசா இருந்தப்ப அது சரி. இப்ப பட்டை தொங்கிப் போச்சு. அது காட்டுனதுல பாதிகூட நீங்க எரிக்கல. அலமாரியும் அதை நம்பி அள்ளிக் குடுத்திருக்கு. நானும் அதத்தான் நம்புனேன். மன்னிச்சிருங்க.”

மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது? நிலாவுக்குப் போகிறவர்கள் பசி மந்தித்து எலும்பும் தோலுமாகிவிடுவார்கள் என்பது மட்டும்தான் இந்த அலமாரியைச் செய்தவர்களின் கவலை. அதனால் ஓட ஓட ஊட்டச் சொல்லி வைத்தார்கள். இங்கே ஒருத்தி இளைக்க வேண்டி வரும் என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. தோள் உறுத்தவில்லை என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், லூசு.

பதினாறு நாளில் ஏழரைக் கிலோ. இனி எண் எதுவும் வேண்டாம். சோறும் வேண்டாம்.

நாள் 231. மாலை 4:00

எட்டு நாளாக உப்புத் தண்ணீர் மட்டும். ஓட முடியவில்லை, நடக்கிறேன். டிரெட்மில் இன்னும் கூசாமல் 900 என்கிறது. திரைமேல் டேப் ஒட்டிவிட்டேன். அலமாரி திறந்து பொட்டலத்தை நீட்டியது. மூடினேன். மறுபடி நீட்டியது. உட்கார்ந்து அழுதேன்.

“மேடம், கொஞ்சம் தெம்பு வச்சுக்கோங்க. அரைப் பொட்டலமாவது…”

ஒலியை நிறுத்திவிட்டேன். எட்டுக் கிலோ கேட்டதே இவர்தானே. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நாள் 239. காலை 9:05

கலத்தில் இருக்கிறேன். விண்வெளி உடையின் வானொலி வழியாக நிலையத்தில் இது பதிவாகிறது. நேற்றிலிருந்து தண்ணீரும் இல்லை. தலையை மழித்துவிட்டேன். இருக்கை சொல்கிறது: 63.8. பச்சை விளக்கு. ஐயோ, பச்சை! கட்டுப்பாட்டு அறையில் யாரோ கைதட்டுகிறார்கள். மிக்கேல் அழுகிறார் என்று நினைக்கிறேன்.

9:20

கதவைக் கையால் பூட்ட வேண்டும். எடைக்காக அதன் மோட்டாரையும் கழற்றி எறிந்திருந்தேன். சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் பூட்டு விழும். பூட்டு விழாமல் கலம் கிளம்பாது. 9:54-ஐத் தவறவிட்டால் இன்னொரு முறைக்குக் காத்திருக்கக் காற்று இல்லை.

9:34

மூன்று சுற்று. கண் இருட்டுகிறது.

“கெளம்ப இன்னும் இருபது நிமிசம் இருக்கு மேடம். மெதுவா. மூச்சு வாங்கிட்டுச் சுத்துங்க.”

9:47

ஐந்து. விரல் மடங்க மாட்டேன் என்கிறது. முழங்கையை மாட்டி இழுக்கிறேன். அரைப் பொட்டலம் தின்றிருக்கலாம்.

9:52

“ரெண்டு நிமிசம் மேடம். சுத்துங்க. சுகந்தி, சுத்தும்மா!”

சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் டாக்டர். சக்கரம் நகரவில்லை. கை